இரண்டரை இலட்சம் பேர் எங்கே?

*புதிய குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழர் 2.8 சதவீதம். காரணத்தைத் தேடிச் சொல்ல வேண்டிய பேராதனையிலோ கதிரைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன.*

மாலை ஆறு மணிக்கு முன் லயத்துக்குப் போய்ப் பயனில்லை. கொழுந்து நிறுத்து, சாக்கை உதறி, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். 2024 கடைசியில் கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்குக் கணக்கெடுக்கப் போனவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். வாசலில் பிளாஸ்டிக் கதிரை. கையில் டெப். உள்ளே அடுப்புப் புகை.

"இனம் என்னான்னு போடட்டும் அக்கா?"

"தமிழ்தான்."

"இலங்கைத் தமிழா, மலையகத் தமிழா?"

அக்கா யோசிக்கிறார். "எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு. இலங்கைன்னே போடுங்க." உள்ளேயிருந்து மகள் குரல் கொடுக்கிறாள்: "மலையகம்னு போடச் சொல்லி ஸ்கூல்ல சொன்னாங்கம்மா!" கொழும்பில் கடையில் நிற்கும் மகனை இந்த வீட்டில் எழுதுவதா, அங்கே எழுதுவதா என்று அடுத்த சந்தேகம். பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. குவைத்துக்குப் போனவர் குடும்பம். மாமியாரும் மகள் வீட்டோடு போய்விட்டார். கணக்கெடுப்பவர் அதைத் தாண்டி அடுத்த வாசலுக்கு நடக்கிறார்.

கண்டியைச் சுற்றிய மலைகளில் ஏறக்குறைய இப்படித்தான் அந்த எண் பிறந்தது. முடிவு வெளியானபோது பலருக்கும் தூக்கிவாரிப்போட்டது. 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர் இருந்த மலையகத் தமிழர், 2024 மதிப்பீட்டில் 6 இலட்சத்தைச் சுற்றி நிற்கிறார்கள். நாட்டின் சனத்தொகையோ 2 கோடியே 3 இலட்சத்திலிருந்து 2 கோடியே 17 இலட்சமாக ஏறியிருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு சமூகத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஏட்டிலிருந்து மறைந்திருக்கிறார்கள். போர் இல்லை, கொள்ளைநோயில் அத்தனை பேர் சாகவில்லை, கப்பல் ஏற்றி யாரும் அனுப்பவுமில்லை.

பேஸ்புக்கில் ஆளுக்கொரு விளக்கம். "எல்லாரும் இலங்கைத் தமிழர் என்று எழுதிவிட்டார்கள்" என்கிறது ஒரு பக்கம். "எல்லாரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்" என்கிறது மற்றது. தொழிற்சங்க மேடையில் அது சதி. முதல் இரண்டுமே கொஞ்சம் உண்மை என்பதுதான் சிக்கல். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்ல ஓர் ஆய்வாளர் தேவை. அந்த ஆய்வாளரின் பரம்பரை வீடு இந்தத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், மகாவலிக் கரையில் இருக்கிறது.

கோடு போட்ட வருடம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அருணாசலம் விடுதி என்று ஒன்று உண்டு. அங்கே தங்கிப் படித்தவர்களுக்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றால் தேசியத் தலைவர், பல்கலைக்கழகம் வேண்டுமென்று போராடியவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் அவரே. வெள்ளைக்காரர் மட்டும் இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்த நம்மவர். இந்த நாட்டில் ஆள் எண்ணுவது பற்றிய அறிவு தொடங்குவது அங்கே என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

அவருக்கு அடுத்த 1911 மதிப்பீட்டில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு கட்டங்கள் வந்தன. அதுவரை தமிழர் ஒரே கட்டம். அந்த வருடம் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் 5 இலட்சத்து 30 ஆயிரம் பேர். நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு 1948இல் சட்டமானது. அந்த வருடத்துப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலிருந்து பாராளுமன்றம் போன இலங்கை இந்திய காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனமும் இல்லை.

இனம் என்ன என்ற கேள்விக்கு அந்த அக்கா யோசித்தாரே, அந்த யோசனைக்குள் இத்தனையும் இருக்கிறது. 'இந்திய' என்ற சொல் ஒட்டியிருந்ததால் தாத்தாவின் வாக்குரிமை போனது. அந்தக் கட்டத்தில் விழாமல் தப்பிப்பதைக் குடும்பங்கள் புத்திசாலித்தனம் என்று கற்றுக்கொண்டன. இப்போது 'மலையகத் தமிழர்' என்ற பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார்களா?

இதற்கு முன்னும் ஒருமுறை இப்படி விழுந்திருக்கிறது. 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். அந்த வீழ்ச்சிக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட கையெழுத்து. 1974இல் சிறிமாவும் இந்திராவும் போட்ட கையெழுத்து. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயில்கள் தலைமன்னாருக்குப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் கண்டியில் உயிரோடிருக்கிறார்கள். அப்போதே ஒரு பகுதியினர் கட்டம் மாறி எழுதிக்கொண்டதைச் சனத்தொகை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இம்முறை கையெழுத்தும் இல்லை, கோச்சியும் இல்லை. அதனால்தான் ஆய்வு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

---

பெட்டி 1: ஏட்டில் ஏறியதும் இறங்கியதும்
('இந்தியத் தமிழர்' / 'மலையகத் தமிழர்' என்று பதிந்தவர்கள்)

1911: 5.3 இலட்சம்
1946: 7.8 இலட்சம்
1953: 9.7 இலட்சம்
1971: 11.7 இலட்சம்
1981: 8.2 இலட்சம்
2012: 8.4 இலட்சம்
2024: சுமார் 6 இலட்சம்

1964 ஒப்பந்தத்தின் கணக்கு: மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய நாடற்றவர் பிரச்சினைக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள்.

---

மாண்டவர் கணக்கு

கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டது 1820களில். ஹேவாஹெட்ட லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். இரண்டும் கண்டி மாவட்டம். அந்த இரண்டு பயிருக்கும் ஆள் வேண்டும். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. 2023இல் 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தத் தடத்தைத் திரும்ப நடந்தே காட்டியது.

அந்த வழியில் எத்தனை பேர் செத்தார்கள்? 1849இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. 1840களில் வந்திறங்கியவர்களிலிருந்து திரும்பிப் போனவர்களைக் கழி, தோட்டங்களில் இருக்கக்கூடியவர்களையும் கழி, மிச்சம் எங்கே? எழுபதாயிரம் பேர் மாண்டிருக்க வேண்டும் என்றது பத்திரிகை. இந்த எண் அதன்பிறகு மேடைகளிலும் கட்டுரைகளிலும் ஓயாமல் சுற்றுகிறது.

பேராதனையின் பெருமை இங்கேதான். கே.எம். டி சில்வா 1961இல் முதல் கட்ட இந்தியக் குடிவரவைப் பற்றி எழுதினார். மைக்கல் ரொபர்ட்ஸ் 1966இல் கோப்பிக் காலத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதினார். ஐயன் வன்டென் டிரீசன் பல வருடம் கழித்து, 1997இல், 'நெடுநடை' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலே போட்டார். துறைமுகத்தில் எண்ணியது யார், வேறு தோணித்துறைகளில் ஏறியவர்களை யார் எண்ணினார்கள், கங்காணி கொடுத்த கணக்கை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விகள் அப்படித்தான் எழுந்தன. எழுபதாயிரத்தை அப்படியே விழுங்குவதும் துப்புவதும் சுலபம். எண் எப்படி உண்டானது என்று குடைவதற்கு ஆவணக்காப்பகத்தில் வருடக்கணக்கில் தூசி குடிக்க வேண்டும். மாதச் சம்பளம் கொடுத்து ஒருவரை அப்படித் தூசி குடிக்கவிடுவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை.

வளாகத்துக்கு வெளியேயும் கண்டியில் இந்த வேலை நடந்தது. இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். டொனவன் மோல்ட்ரிச் கோப்பித் தொழிலாளரைப் பற்றி எழுதிய நூல் கண்டியிலிருந்துதான் வெளிவந்தது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. ஹந்தானையில் தேயிலைச் சபையின் அருங்காட்சியகமும் உண்டு. அங்கே இயந்திரங்கள் பளபளக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள், யாருடைய நினைவுக்கு எவ்வளவு வெளிச்சம் போட்டிருக்கிறார்கள் என்று புரியும்.

ஆராய்ந்தவர்களும் புறப்பட்டார்கள்

1950களில் பேராதனையில் என். கே. சர்க்காரும் எஸ்.ஜே. தம்பையாவும் பாததும்பறைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி ஓர் ஆய்வு செய்தார்கள். 1957இல் அது நூலானது. பக்கத்துத் தோட்டங்களில் வெளியூர் ஆட்கள் நிறைந்திருக்க, கண்டிச் சிங்களக் கிராமத்தில் நிலமில்லாதவர் தொகை எப்படிப் பெருகுகிறது, சனம் பெருகக் காணி எப்படித் துண்டாகிறது என்பதை அது காட்டியது. தலைப்பே 'சிதையும் கிராமம்' என்ற பொருள்தான். மலைகளில் யார் காணியை யார் பிடித்தார்கள் என்ற சண்டை இன்றும் ஓயாத நாட்டில், அந்தப் புத்தகத்தைச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து படித்திருக்கலாம்.

தம்பையா யாழ்ப்பாணத்தவர். 1956 ஜூனில் மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கள ஆய்வில் இருந்தபோதே அங்கு கலவரம் வெடித்தது. குடியேற்றத்தை ஆராயப் போனவர் அங்கிருந்து தப்பி வெளியேற வேண்டியதாயிற்று. 1960இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். தாய்லாந்து, கேம்பிரிஜ், சிக்காகோ, கடைசியில் ஹார்வார்ட். உலகம் கொண்டாடிய மானிடவியலாளராக 2014இல் காலமானார்.

எஸ். அரசரத்தினத்தின் கதை இன்னும் பொருத்தம். பேராதனையில் வரலாறு கற்பித்தவர் 1960களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் போனார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி 1970இல் நூல் எழுதினார். அடுத்து அவுஸ்திரேலியா. கடல் கடந்த தமிழரை ஆராய்ந்தவரின் சொந்த வாழ்வே கடல் கடந்த தமிழர் வாழ்வாயிற்று. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1970களில் அமெரிக்கா போனார். ரொபர்ட்ஸ் அடிலெயிட் போனார். வன்டென் டிரீசனும் மேற்கு அவுஸ்திரேலியா.

போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போன பிறகும் அவர்கள் எழுதியது பெரும்பாலும் இந்த மண்ணைப் பற்றித்தான். ஆனால் ஒன்று உண்டு. நூலை அடிலெயிட்டில் இருந்து எழுதலாம். ஹார்வார்டில் இருந்தும் எழுதலாம். மூன்றாம் வருட மாணவியைக் கூட்டிக்கொண்டு தெல்தோட்டை லயத்துக்குப் போய், துரையிடம் அனுமதி வாங்கி, அந்த அனுமதியாலேயே சனம் நம்மைக் கம்பனி ஆள் என்று நினைத்து வாய் திறக்காமல் போகும்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க அங்கிருந்து முடியாது.

தங்கியவர்களும் உண்டு. கே.எம். டி சில்வா கண்டியை விட்டு அசையவில்லை. 1982இலிருந்து இனக்கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தைக் கண்டியில் வளர்த்தெடுத்தார். சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வா பேராதனையிலேயே பேராசிரியராக இருந்து மலேரியாவின் சமூக வரலாற்றையும், நகரத் தோட்டங்களில் வாழும் ஏழைகளையும், சாதி பற்றிப் பேச மறுக்கும் சமூகங்களில் சாதி இயங்கும் விதத்தையும் எழுதினார். இந்த நகரத்திலேயே மஹியாவ இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தேயிலை பற்றிய எந்த விழாவிலும் அவர்கள் பெயர் வராது. அந்த வரலாறும் ஆய்வாளர் ஒருவர் நகரத்திலேயே இருந்தால்தான் கண்ணில் படும்.

கணக்கில் அகப்படாதவர்கள்

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். எத்தனை பேர் போயிருக்கிறார்கள்?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல். அந்த வருடம் வழங்கிய கடவுச்சீட்டுகள் 9 இலட்சத்தைத் தாண்டின. கண்டி பிராந்திய அலுவலகத்தின் முன் விடியுமுன்னே வரிசை நின்ற காலம் அது. ஆனால் பணியகம் போனவரை எண்ணுகிறது; திரும்பியவரை எண்ணுவதில்லை. சுற்றுலா விசாவில் போய் டுபாயில் வேலை தேடுபவர் அந்தப் புத்தகத்தில் இல்லை. படிக்கப் போனவர் இல்லை. கடவுச்சீட்டு எடுத்தவரெல்லாம் பறந்தவரும் இல்லை. மிஞ்சுவது விமான நிலையத்துக் கணக்கு: வந்தவர் கழித்தல் போனவர். 1849இல் பத்திரிகை போட்ட அதே கழித்தல்தான்; துறைமுகத்துக்குப் பதில் கட்டுநாயக்க.

குடிசன மதிப்பீடு இதை நிரப்புமா என்றால், வீட்டில் ஒருவர் மிஞ்சியிருந்தால்தான் போனவரைப் பற்றிக் கேட்க முடியும். குடும்பமாகப் போன வீட்டில் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பூட்டிய காம்பரா பூஜ்யம்தான்.

கட்டம் மாறியவர்களைக் கண்டுபிடிப்பதும் சுலபமல்ல. கொழும்புப் பக்கம் வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ குடியேறிய மலையகக் குடும்பம் ஒன்று தன்னை எப்படி எழுதிக்கொள்ளும்? வாடகை வீடு தேடும்போது, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது, கல்யாணம் பேசும்போது தோட்டத்து முகவரி என்ன செய்யும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். படித்து ஆசிரியராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ ஆனவர்கள் அமைதியாகக் கட்டம் மாறுவதை அவமானம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் முன்னேறியவர்கள் கட்டம் மாற, முன்னேறாதவர்கள் மட்டும் பழைய கட்டத்தில் நின்றால், மலையகத் தமிழரின் வறுமை வீதம் புள்ளிவிபரத்தில் என்றைக்கும் இறங்காது. இதை அரசியல்வாதி கவனிக்கமாட்டார். சனத்தொகை ஆய்வாளர் முதல் வேலையாகக் கவனிக்க வேண்டியது இது.

மூன்றாவது காரணம் பிறப்பு. நாடு முழுவதும் 2019இல் பதிவான பிறப்புகள் 3 இலட்சத்து 19 ஆயிரம். 2024இல் 2 இலட்சத்து 20 ஆயிரம். ஐந்தே வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. தோட்டத்தில் மட்டும் நிறையப் பிள்ளை பெறுகிறார்கள் என்பது பழைய காலப் பேச்சு. கல்யாணம் தள்ளிப்போவதும், புருஷன் கட்டாரில் இருப்பதும், பால்மா விலையும் லயத்தையும் விட்டுவைக்கவில்லை.

---

பெட்டி 2: தேயிலையா, ஆளா?

2024இல் வெளிநாட்டிலிருந்து உழைப்பாளர் அனுப்பிய பணம்: சுமார் 6.5 பில்லியன் டொலர்.
அதே வருடம் தேயிலை ஏற்றுமதி கொண்டுவந்தது: சுமார் 1.4 பில்லியன் டொலர்.
2022 நெருக்கடியில் உழைப்பாளர் அனுப்பிய பணம் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. உண்டியலில் போனது கணக்கில் வராது.
தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் (2024 செப்டெம்பரில் நிர்ணயித்தபடி): 1,350 ரூபா.

---

எண் செய்யும் வேலை

இந்த எண்ணை வைத்து என்ன நடக்கும்? நிறைய நடக்கும்.

முதலாவது அரசியல். மாகாணசபைத் தேர்தல் எல்லை நிர்ணயச் சிக்கலில் பல வருடமாக முடங்கிக் கிடக்கிறது. புதிய எல்லைகள் வரைபவர்கள் கையில் எடுப்பது 2024 மதிப்பீட்டைத்தான். கண்டி மாவட்டம் நுவரெலியா போலல்ல. இங்கே தமிழர் ஒரே இடத்தில் திரண்டில்லாமல் தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, பன்வில என்று சிதறியிருக்கிறார்கள். சிதறியவர்களின் எண் குறையும்போது வட்டாரமே கைநழுவும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் பிரதேச சபை பாதை போடுவதற்கே தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. கதவு திறந்து சில வருடமே ஆன நிலையில் உள்ளே இருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று தாள் சொல்கிறது.

இரண்டாவது தோட்டம். கண்டியைச் சுற்றிய நடுத்தர உயரத் தேயிலை பல காலமாகத் தேய்கிறது. அரசாங்கக் கூட்டுத்தாபனங்களிடம் இருக்கும் தோட்டங்களில் மலை மலையாகக் காடு ஏறுகிறது. பேர் பதிந்த தொழிலாளர் ஓய்வுபெற, இளையவர்கள் பேர் பதிய மறுக்கிறார்கள். கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பார்கள், மீதி நாள் டவுனில் வேலை. ஆளில்லாததால் மலை காடாகிறதா, மலை காடானதால் ஆள் போகிறார்களா என்று கேட்டால் துரைமார் ஒன்று சொல்வார்கள், தொழிற்சங்கம் ஒன்று சொல்லும். பேராதனைப் பொருளியலாளர்கள் மு. சின்னத்தம்பியும் எஸ். விஜேசந்திரனும் தோட்டப் பொருளாதாரத்தை இலக்கங்களோடு பேசியவர்கள். அப்படிப் பேச இன்னும் பத்துப் பேர் வேண்டும்.

மூன்றாவது வீடு. 1990களின் நடுவில் பதிந்து வெளிநாடு போனவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். இன்று ஆண்களே அதிகம். 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் போகக் கூடாதென்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது அரசாங்கம். டொலர் வற்றிய 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. குழந்தையின் நலன் அந்நியச் செலாவணிக் கையிருப்போடு ஏறி இறங்குகிறது என்று இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. பிள்ளையை வைத்திருப்பது அம்மாயி. அவருக்கு அறுபத்தைந்து வயது, நீரிழிவு, மாதம் ஒருமுறை பேராதனை ஆஸ்பத்திரி. அவர் படுத்தால் யார் பார்ப்பார்கள்? முதுமையடையும் சமூகம் ஒன்று தன் உழைக்கும் வயதினரை ஏற்றுமதி செய்யும்போது எழும் இந்தக் கேள்விக்குக் கேரளத்தில் பெரிய அளவில் வீட்டாய்வுகள் நடத்தி விடை தேடினார்கள். திருவனந்தபுரத்தின் சி.டி.எஸ். (அபிவிருத்திக் கற்கைகள் நிலையம்) 1998இல் தொடங்கிய 'கேரள இடப்பெயர்வு ஆய்வு' சில வருடங்களுக்கொருமுறை நடந்துவருகிறது. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த நாட்டில், எவ்வளவு அனுப்புகிறார், திரும்பியவர் என்ன செய்கிறார் என்று அங்கே கேட்டால் விடை இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது?

இவற்றோடு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்து லயங்களையும் கிராமங்களையும் மூடின. எங்கே குடியேற்றுவது என்ற பேச்சு எழுந்ததும், வடக்குக்கு வாருங்கள் என்ற குரலும் கேட்டது. 1970களில் பட்டினியாலும் வன்முறையாலும் மலையிறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அங்கே எப்படிக் காணியில்லாமல், போரின் நடுவில் மாட்டினார்கள் என்பதை யாராவது அந்தக் கூட்டங்களில் எழுந்து சொன்னார்களா? அதைச் சொல்வதற்குத்தான் ஆய்வாளர். அடுத்த மதிப்பீட்டில் இன்னொரு சரிவு வந்தால் அதில் எவ்வளவு புயல், எவ்வளவு விமானம், எவ்வளவு பேனா என்று பிரிக்க இப்போதே தரவு சேர்க்க வேண்டும்.

காலிக் கதிரை

சேர்ப்பது யார்?

ஒரு ஆய்வாளர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். நல்ல வகுப்பில் சித்தியடைந்த மாணவி தற்காலிக விரிவுரையாளராகச் சேர்கிறாள். பிறகு, வெற்றிடம் இருந்து, திறைசேரி அனுமதி தந்தால், தகுதிகாண் விரிவுரையாளர். முதுமாணி, அப்புறம் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு. போகும்போது திரும்பி வந்து சேவை செய்வதாகப் பிணைமுறியில் கையெழுத்து. பிணையாளியாக இரண்டு சகாக்கள். நாலைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, பாடம் எடுத்து, ஏழு வருடச் சேவைக்குப் பிறகு ஒரு வருட ஆய்வு விடுமுறை. ஒரு புலமையாளர் பழுக்கப் பதினைந்து வருடம் பிடிக்கும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவியது. 2023 தொடக்கத்தில் வருமானவரி 36 சதவீதம் வரை ஏறியது. வெளிநாட்டில் ஆய்வு முடிக்கும் நிலையிலிருந்த இளம் விரிவுரையாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பிணைமுறிப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே நிற்பதா, அங்கு ஒரு மாதத்தில் வாங்குவதை ஒரு வருடத்தில் வாங்க இங்கே வருவதா? ஆய்வு விடுமுறையில் போனவர்கள் விடுமுறையை நீட்டினார்கள். பிறகு கடிதம் மட்டும் வந்தது. எந்தத் துறைக்குப் போனாலும் பலகையில் பெயர் இருக்கும், அறைக்குப் பூட்டு. வெற்றிடம் நிரப்பத் திறைசேரி கையை இறுக்கியதால், தற்காலிகப் பிள்ளைகளே பாரம் சுமக்கிறார்கள். இடப்பெயர்வை ஆராய்வதற்காக அனுப்பிய ஆளே இடப்பெயர்வுத் தரவில் ஒரு வரியாகிவிடுகிறார்.

இருப்பவர்களையும் காலம் இழுக்கிறது. பதவியுயர்வுக்குப் புள்ளி வேண்டும். புள்ளிக்கு ஆங்கிலச் சஞ்சிகை வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஏதாவது நிறுவனத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையின் கேள்வியை நிறுவனம் தீர்மானிக்கும், காலக்கெடு மூன்று மாதம். பாததும்பறையில் வீடு வீடாக ஏறிய மாதிரி வேலைக்கு மூன்று மாதம் எங்கே போதும்? எழுதியது லயத்துக்குத் திரும்பிப் போவதுமில்லை. டி சில்வாவின் கட்டுரையையோ ரொபர்ட்சின் கட்டுரையையோ தெல்தோட்டை மலைமகள் பாடசாலை மாணவன் ஒருவன் தமிழில் படிக்க விரும்பினால் எங்கே போவான்? மலையகத்தின் கதையை அதிகம் அறியாதவர் யாரென்றால் மலையகத்துப் பிள்ளைதான் என்றாகிவிட்டது. மலையகத்தவர் வந்து 200 வருடமானதற்கான விழாவுக்கு மேடை போட்ட செலவில் நாலு நூலை மொழிபெயர்த்திருக்கலாம் என்று தோன்றாமலில்லை.

நம்பிக்கைக்கு ஒன்று இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகள் இப்போது பேராதனைக்குள் நிறைய வருகிறார்கள். காலையில் சரசவி உயன ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் ஹட்டன் பக்கத்துப் பேச்சுத் தமிழ் தாராளமாகக் கேட்கும். புவியியல், சமூகவியல், பொருளியல் துறைகளில் இறுதி வருட ஆய்வுக்குத் தங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் துரையின் அனுமதியும் மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை. எந்தக் காம்பரா எப்போது பூட்டப்பட்டது, யார் மகன் எந்த ஊரில் என்று மனப்பாடம். 2012இல் அந்த லயத்தில் இருந்தவர்கள் பட்டியலை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இன்று எங்கே, எந்தக் கட்டத்தில் எழுதினார் என்று நிரப்பச் சொன்னால் ஒரு தவணைக்குள் நிரப்பிவிடுவார்கள். பத்துத் தோட்டங்களில் அப்படிச் செய்தால் இரண்டரை இலட்சத்தில் எவ்வளவு விமானம், எவ்வளவு பேனா, எவ்வளவு பிறக்காத பிள்ளை என்று ஓரளவாவது பிடிபடும்.

கூட நின்று வழிகாட்ட ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அந்தப் பதவிக்கான விளம்பரம் எப்போது வரும் என்பது திறைசேரியின் கையில்.